நாற்பத்தெட்டு கட்டங்கள்: பக்கத்து மேசையில் இருந்த ஒரு சீன ஆய்வு மாணவி

2017 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மண் நுண்ணுயிரியல் துறையில் முதுமுனைவர் ஆய்வாளராக, அதாவது முனைவர் பட்டம் முடித்தபின் ஆய்வுப் பணி செய்பவளாக, நான் சேர்ந்த அதே வாரத்தில், பக்கத்து மேசையில் வந்து அமர்ந்தவள் சீனாவின் கான்சு மாகாணத்து லான்ஜோ நகரத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு மாணவி. அவளுக்கு அப்போது 26 வயது, எனக்கு 33. ஒரே ஆசிரியரிடம் பயில்பவர்களை ஒரு வீட்டுப் பிள்ளைகளாகக் கருதி உறவுமுறை வைத்து அழைப்பது சீனப் பல்கலைக்கழகங்களின் வழக்கம். மூத்தவளை ‘ஷிஜியே’ என்றும் இளையவளை ‘ஷிமேய்’ என்றும் சொல்வார்கள். மூன்றாம் நாள் அவள் தயங்கித் தயங்கி, உங்களை ஷிஜியே என்று கூப்பிடலாமா என்று கேட்டாள். முன்பின் தெரியாதவரையும் அக்கா, அண்ணா என்றே அழைத்து வளர்ந்த எனக்கு அதைவிட இயல்பான கேள்வி வேறு இருக்க முடியாது. அடுத்த நான்கரை ஆண்டுகள் நான் அவளுக்கு ஷிஜியேவாகவே இருந்தேன். இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டபோது, பெயரையும் பல்கலைக்கழகத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள், விட்டுவிட்டேன்.

அவளுடைய மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு கட்டம் போட்ட தாள் இருந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம், மொத்தம் 48. மாதத்தின் கடைசி நாளன்று மாலையில் இழுப்பறையைப் பாதி திறந்து, ஒரு கட்டத்தைப் பென்சிலால் சீராக நிரப்பிவிட்டு மூடிவிடுவாள். நாட்காட்டியைச் சுவரில் மாட்டலாமே என்று ஒருமுறை கேட்டேன். மற்றவர்கள் பார்த்தால் நான் அவசரப்படுகிறேன் என்று நினைப்பார்கள் என்றாள். அந்த 48 மாதங்களின் பொருள் எனக்கு முழுதாகப் புரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

அவளை அனுப்பியது 1996இல் நிறுவப்பட்ட சீன அரசின் கல்வி உதவித்தொகை மன்றம். முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சமாக 48 மாதங்களுக்குத்தான் அது பணம் தரும். புறப்படுமுன் மாணவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். ஒப்பந்தத்தை மீறினால் பெற்ற தொகை முழுவதையும், அதன்மேல் 30 விழுக்காட்டு அபராதத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் பிணையாளர்களும் கையெழுத்திட்டாக வேண்டும். அவளுக்காகக் கையெழுத்திட்டவர்கள் அப்பாவும் தாய்மாமாவும். மாமா நகரப் பேருந்து ஓட்டுநர். நான்கு ஆண்டு உதவித்தொகையும் அபராதமும் சேர்ந்தால் அவருடைய பல ஆண்டுச் சம்பளம் போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கூட்டத்தில் ஒரு வரைபடத்தைக் காட்டும்போது அவளுடைய குரல் நடுங்கியதை நாங்கள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டோம். தோளில் மாமாவையும் ஏற்றிக்கொண்டு அவள் அங்கே நின்றிருக்கிறாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். 2019இல் அவருக்கு முதலாண்டில் வரிப்பிடித்தத்துக்கு முன் மாதம் 2,325 யூரோவும் நான்காம் ஆண்டில் 2,972 யூரோவும் சம்பளம். ஓய்வூதியப் பங்கு, விடுமுறைப் படி எல்லாம் தனி. அதே அறையில் அதே வேலையைச் செய்த என் ஷிமேயுக்குக் கிடைத்தது மாதம் 1,350 யூரோ உதவித்தொகை. ஊழியர் என்ற தகுதி அவளுக்கு இல்லை. அவள் இதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் துறையினர் வெள்ளிக்கிழமை மாலைகளில் வெளியே சாப்பிடப் போகும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் ஏதாவது ஆய்வு வேலை மீதமிருக்கும். பழகுவதில் விருப்பமில்லாதவர்கள் என்று சீன மாணவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி, அந்த இரவுச் சாப்பாட்டின் விலைதான் என்பது என் எண்ணம். இதைப் புரிந்துகொண்ட பிறகு, வெளியே போவதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை என் வீட்டிலோ அவளுடைய விடுதிச் சமையலறையிலோ சமைப்பது என்று நாங்களிருவரும் வழக்கப்படுத்திக்கொண்டோம். லான்ஜோவில் காலை உணவே மாட்டிறைச்சிச் சாறும் கையால் இழுத்த நூடுல்ஸும்தான். மாவை இழுத்து, இரண்டாக மடித்து, மறுபடி இழுக்கும்போது அவள் துறையைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினாள். நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சமையலறையில் அறிந்தவை.

அவளுக்கு நேர்ந்ததில் பெரிய இழப்பு ஏழு மாதங்கள். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2018 மார்ச்சில் நடந்த வாராந்திரக் கூட்டம் ஒன்றில், உருளைக்கிழங்குச் செடியின் வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்கள் குறித்த முதல் முடிவுகளை அவள் காட்டினாள். நெறியாளர் திரையைப் பார்த்தபடி, இதே சோதனையைக் களிமண்ணிலும் செய்து பார்த்தால் நன்றாயிருக்கும் என்றார். அவள் தலையசைத்தாள். அடுத்த வாரமே களிமண் வரவழைத்தாள். பசுமைக்குடிலில் 96 தொட்டிகளை அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்த் தண்ணீர் ஊற்றினாள். ஈரக் களிமண் காய்ந்ததும் கல்லாக இறுகி, வேரைப் பிரிக்கும்போது வேரே அறுந்து வந்தது. இரண்டாம் முறை நட்டாள். நுண்ணுயிர்களின் மரபணுவைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் வேதிப்பொருள் தொகுப்பு களிமண்ணுக்குச் சரிவரவில்லை. அதற்கு வேறு முறையைத் தேடி ஆறு வாரம் போயிற்று. நெறியாளரைப் பார்க்கும்போதெல்லாம், வேலை எப்படிப் போகிறது என்று அவர் கேட்பார், நன்றாகப் போகிறது என்று இவள் சொல்வாள். அக்டோபரில் அவள் களிமண் முடிவுகளைத் திரையில் போட்டபோது, நெறியாளர் உண்மையிலேயே வியந்து, இதை ஏன் செய்தாய் என்று கேட்டார்.

அவர் மறந்துவிட்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது வாய்விட்டு நினைத்தது மட்டுமே. அவள் வளர்ந்த முறையிலோ நெறியாளரை ‘தாவ்ஷி’, வழிநடத்தும் ஆசிரியர், என்பார்கள். மாணவர்கள் தங்களுக்குள் பேசும்போது ‘லாவ்பான்’, அதாவது முதலாளி, என்றும் சொல்வார்கள். வழிநடத்துபவராகட்டும், முதலாளியாகட்டும், ‘செய்தால் நன்றாயிருக்கும்’ என்று அவர் சொன்னால் ‘செய்’ என்றே பொருள். டச்சுக்காரர்களோ, ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்றால் அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். அவ்வாறு சொல்லாத எதையும் நீ மறுக்கலாம், மறுக்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டிருக்கலாம், அவளும் கேட்டிருக்கலாம். ஆனால் இழப்பு இருவருக்கும் சமமாக இல்லை. அவருக்கு அது ஒரு திட்டத்தின் சிறு விலகல். இழுப்பறைத் தாளில் ஏழு கட்டங்கள் நிரம்பிவிட்டிருந்தன.

அன்று மாலை, மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் உறைபெட்டிகளின் அறையில் அவளைக் கண்டுபிடித்தேன். பெட்டிகளின் இரைச்சலில் அழுதால் வெளியே கேட்காது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வேலையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். கேட்ட அடுத்த நொடியே மாமா என்றாள்.

அந்த வாரம் நாங்கள் இருவரும் அமர்ந்து ஒரு முறையை உருவாக்கினோம். கூட்டம் முடிந்த அன்றே நெறியாளருக்கு அரைப் பக்கத்துக்கு மிகாத மின்னஞ்சல் ஒன்று போகும். இன்று நான் புரிந்துகொண்டது இது. அடுத்த நான்கு வாரத்தில் நான் செய்யப்போவது இது. பேச்சில் வந்தாலும் நான் செய்யப்போவதில்லை என்று வைத்திருப்பது இது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நேரில் ‘இல்லை’ என்று சொல்ல நா எழாத ஒருத்தியால், மூன்றாவது வரியாக அதை எழுத முடிந்தது. முதல் மின்னஞ்சலை அனுப்ப அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று ஏழெட்டு முறை திருத்தினாள். நெறியாளரிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில் வந்தது: மிகத் தெளிவு, நன்றி, எல்லாரும் இப்படி எழுதினால் எனக்கு உதவியாயிருக்கும். சீன மாணவர்கள் மட்டுமல்லர், பெரியவர்களை மறுத்துப் பேசாமல் வளர்ந்த எவரும், நம் பிள்ளைகளும் அதில் அடக்கம், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த முதல் மாதமே இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பேன்.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் முதலாண்டின் முடிவை ஒட்டி, இந்த ஆய்வு தொடரலாமா நிறுத்தப்பட வேண்டுமா என்று முடிவு செய்யும் மதிப்பீடு ஒன்று உண்டு. டச்சு மாணவர்கள் அதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்வார்கள். அவளோ அதற்கு முந்தைய மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. நிறுத்தச் சொன்னால் ஒப்பந்தப்படி என்ன ஆகும் என்பதைத் தூதரகத்தின் கல்விப் பிரிவிடம் கேட்கவும் பயம், கேட்டாலே ஏதோ சிக்கல் என்று குறித்துக்கொள்வார்களோ என்று. இப்படிப்பட்ட நேரத்தில் உதவியது, அதே உதவித்தொகையில் இரண்டாண்டு முன்னதாக வந்து பட்டம் வாங்கும் நிலையில் இருந்த மூத்த மாணவி ஒருத்தி. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு எதைச் சொல்கிறது, எவ்வளவு காலம் முன்பாக எந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும் என்பதை அவள் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒப்பந்தத்தை அதே பாதையில் நடந்த ஒருவரோடு அமர்ந்து வாசிப்பதை, முதல் மாதத்திலேயே செய்யவேண்டிய வேலையாகவே நான் சொல்வேன்.

வீட்டோடு பேசுவது ஞாயிற்றுக்கிழமை காலைகளில். லான்ஜோவுக்கும் நெதர்லாந்துக்கும் கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் வித்தியாசம். தன் அறை சிறியது, சன்னலுக்கு வெளியே குப்பைத் தொட்டிகள் என்பதால், அவள் சைக்கிளில் துறைக்கு வந்து, பசுமைக்குடிலை ஒட்டிய வெளிச்சமான நடைபாதையில் நின்று வீடியோவில் பேசுவாள். பின்னால் பச்சையாகச் செடிகள் தெரியும். ‘நல்லதைச் சொல், கவலையைச் சொல்லாதே’ என்று சீனத்தில் நான்கைந்து எழுத்துகளில் அடங்கும் ஒரு வழக்குத் தொடர் உண்டு. தொலைவில் இருக்கும் பிள்ளைகள் அதன்படியே நடக்கிறார்கள். பெற்றோரும் அப்படியே. அவளுடைய அப்பாவுக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்தது, நடந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு வீடியோ அழைப்பில் அவர் சட்டையைச் சரிசெய்தபோது தற்செயலாகத்தான் தெரிந்தது. களிமண் கதையை அவளும் சொல்லவில்லை. ஆக, இருபக்கமும் அன்பு மிகுந்து, இருபக்கமும் தனியே சுமந்தார்கள். 2019இல் ‘நேச்சர்’ இதழ் உலகெங்கும் 6,000க்கும் மேற்பட்ட முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய கருத்தாய்வில், தங்கள் படிப்பினால் ஏற்பட்ட பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாக 36 விழுக்காட்டினர் சொன்னார்கள். உதவி நாடுவதே பலவீனத்தின் சாட்சி என்று கருதும் வீட்டிலிருந்து வந்தவர்கள் அந்த 36க்குள் வருவது கடினம். அவளை நான் உளவியல் ஆலோசகரிடம் அனுப்ப முயன்றபோது முதலில் மறுத்தாள். அந்தத் தகவல் தூதரகத்துக்கோ நெறியாளருக்கோ போகாது என்பதை ஆலோசகரே எழுத்தில் உறுதி செய்த பிறகுதான் போனாள். நண்பர்களாக இருப்பவர்கள் ‘போய்ப் பார்’ என்று சொல்வதோடு நிற்காமல், இந்த ஒரு கேள்விக்கு முன்கூட்டியே விடை வாங்கித் தருவது பெரிய உதவி.

எங்கள் மாடியிலேயே வேறொரு குழுவில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். அவள் அவனை ‘ஷிதி’, தம்பி, என்பாள். அவனுக்கு வேறு கவலை. சீனாவின் தேசிய இயற்கை அறிவியல் அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நிதிக்கு ஆண்கள் 35 வயதுக்குள்ளும் பெண்கள் 40 வயதுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களின் பணியிட அறிவிப்புகளிலும் 35 என்ற எண் நிற்கும். அவன் படிப்பை முடிக்கும்போது 31 ஆகிவிடும். ஒரு கட்டுரை ஆறு மாதம் தள்ளிப்போனால் ஐரோப்பிய மாணவனுக்கு அது எரிச்சல். அவனுக்கு அது வயது வரம்பிலிருந்து வெட்டப்படும் ஆறு மாதம்.

பெயர் பற்றியும் ஒரு சொல். வாங், லி, ஜாங் ஆகிய குடும்பப் பெயர்கள் ஒவ்வொன்றையும் சீனாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயரும் முதலெழுத்தும் மட்டும் அச்சாகும் ஆய்விதழில், ஒருவருடைய கட்டுரை இன்னொருவர் கணக்கில் போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது. முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே ஆர்சிட் எண் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் அடையாள எண்) வாங்கி, பெயரை ஒரே வடிவத்தில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் பிற்காலத்தில் அலைய வேண்டியிருக்காது.

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டை அவள் நினைக்க விரும்புவதில்லை. பிப்ரவரியில் ரயிலில் நாங்கள் அடுத்தடுத்து அமர்ந்திருந்தபோது, எதிரே இருந்த ஒரு பெண்மணி அவளைப் பார்த்துவிட்டு மகனை இழுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார். அவள் அலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மார்ச் 29 முதல், ஒரு விமான நிறுவனம் ஒரு நாட்டுக்கு ஒரே வழித்தடத்தில் வாரம் ஒரு முறை மட்டுமே பறக்கலாம் என்று சீன அரசு வரையறுத்தது; ஊருக்குப் போக நினைத்தவர்களுக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லை. ஏப்ரலில் தூதரகம் மாணவர்களுக்கு அனுப்பிய பெட்டி அவளுக்கும் வந்தது: முகக்கவசங்கள், கிருமிநாசினித் துணிகள், மூலிகை மாத்திரைகள். முகக்கவசங்களை எண்ணி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை என் வீட்டு வாசற்கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

மே 29 அன்று, ராணுவத்தோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் சீன நிறுவனங்களில் படித்த முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களும் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் ஆணையை அமெரிக்க அதிபர் பிறப்பித்தார். ஹார்பின் தம்பி அங்கே முதுமுனைவர் பணிக்குப் போக வைத்திருந்த திட்டம் அன்றே முடிந்தது. அவன் இளநிலை படித்தது அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில். அவன் படித்தது தாவர நோயியல். ஐரோப்பாவிலும் இந்தச் சந்தேகம் பரவியது. 2023இல் ஜெர்மனியின் எர்லாங்கன்-நூர்ன்பெர்க் பல்கலைக்கழகம், சீன அரசின் இந்த உதவித்தொகையை மட்டுமே நம்பி வருபவர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் ஆய்வுச் சுதந்திரத்துக்கு ஒவ்வாதவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் சுமை போய் விழுவது, ஒப்பந்தத்தை எழுதியவர்மீது அல்லாமல், வேறு வழியில்லாமல் கையெழுத்திட்ட பேருந்து ஓட்டுநரின் சகோதரி மகள்மீது. இது புதியதும் அன்று. 1872இல் அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசமரபு 120 சிறுவர்களைத் தொகுதி தொகுதியாக அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பத் தொடங்கியது. பிள்ளைகள் அமெரிக்கர்களாக மாறிவிடுகிறார்கள் என்று பீஜிங்கில் அஞ்சினார்கள். அமெரிக்க ராணுவக் கல்லூரிகளோ அவர்களைச் சேர்க்க மறுத்தன. 1881இல் திட்டமே கைவிடப்பட்டு, படிப்பைப் பாதியில் விட்டு அவர்கள் திரும்பினார்கள்.

ஆய்வுக்கூடம் மூடப்பட்ட மாதங்களும் களிமண்ணின் ஏழு மாதங்களும் சேர்ந்து, 48 மாதத்துக்குள் முடியாது என்பது 2020 இறுதியில் தெளிவாகிவிட்டது. நெதர்லாந்தில் ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டால் முடிந்தது என்றில்லை. நெறியாளர் ஒப்புதல், வாசிப்புக் குழுவின் மதிப்பீடு, வாய்மொழித் தேர்வுக்கான நாள் கிடைப்பது, அச்சிடுவது எல்லாவற்றுக்கும் பல மாதங்கள் வேண்டும். உதவித்தொகை நின்றபின் குடியிருப்பு அனுமதியை நீட்டிக்க வருமானச் சான்றும் வேண்டும். நாங்கள் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நெறியாளரிடம் கேட்டால்தான் துறையின் அடுத்த ஆண்டு வரவுசெலவில் இடமிருக்கும் என்று தெரிந்தது. இம்முறை அவள் மின்னஞ்சலோடு நிற்கவில்லை. கட்டத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள். எத்தனை நிரம்பிவிட்டன, எத்தனை மீதி, எந்த அத்தியாயத்துக்கு எத்தனை வேண்டும் என்று பென்சிலால் காட்டினாள். இப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாதே என்றாராம். ஆறு மாதத்துக்குச் சம்பளத்தோடு கூடிய ஒப்பந்தம் கிடைத்தது.

2022 பிப்ரவரியில் அவளுடைய தேர்வு நடந்தது. அந்நாட்டு வழக்கப்படி தேர்வாளியின் பக்கத்தில் இரண்டு துணைவர்கள் கறுப்பு உடையில் நிற்க வேண்டும். ஒருத்தி நான், இன்னொருவன் ஹார்பின் தம்பி. முக்கால் மணி நேரம் கேள்விகள். லான்ஜோவில் அப்போது இரவு; பெற்றோரும் மாமாவும் ஒரு வார்த்தையும் புரியாத ஆங்கிலத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், களிமண் அத்தியாயம் ஆய்வேட்டோடு ஒட்டவில்லையே, அதை ஏன் சேர்த்தாய் என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, களிமண்ணில் முறை ஏன் தோற்றது என்பதே அந்த அத்தியாயத்தின் பயன் என்றும், அடுத்தவர் அதே ஏழு மாதத்தை இழக்காமல் இருக்கவே அதைச் சேர்த்ததாகவும் சொன்னாள். செங்கோல் ஏந்திய அலுவலர் உள்ளே வந்து, நேரம் முடிந்தது என்று இலத்தீனில் அறிவித்தார்.

மே மாதம் அவள் நாடு திரும்பினாள். தென்சீனாவின் குவாங்ஜோவில் இறங்கி, விடுதியில் தனித்திருந்துவிட்டு லான்ஜோ போய்ச் சேர்ந்தாள். இப்போது அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறாள். இரண்டாண்டுப் பணிக்காலம் 2024இல் முடிந்த அன்று, பிணைக் கட்டு நீங்கியதற்கான தாளோடு மாமா நிற்கும் படத்தை வீசாட் என்ற சீனச் செயலியில் அனுப்பியிருந்தாள். ஓட்டுநர் சீருடையிலேயே இருந்தார். அவளிடம் இப்போது மூன்று மாணவர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அரைப் பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாளாம். மூவரில் ஒருத்தி மட்டும் மூன்றாவது வரியை, செய்யப்போவதில்லை என்ற வரியை, இன்னும் வெறுமையாகவே விட்டு அனுப்புகிறாள் என்றும், அவளை ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ் இழுக்க வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சென்ற வாரம் எழுதியிருந்தாள்.